தங்கச்சிமடத்துக்குப் போன வணக்கம்

நாங்கள் கோயம்புத்தூரில் தயாரிக்கும் மென்பொருளை ராமநாதபுரம் மாவட்டத்தில் விற்பவர் முருகேசன். பில், சரக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று ஒரு கடையையோ சிறு கம்பெனியையோ நடத்தத் தேவையானதை எல்லாம் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. அடுத்துவரும் பதிப்புகளில் என்னென்ன சேர்ப்பது என்று திட்டம் போடுவது என் வேலை. அந்தத் திட்டத்தை வாடிக்கையாளர்களிடம் நேரில் வந்து சொல்லுங்கள் என்று முருகேசன் ஒரு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வைகாசி வெயிலில் போய் மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏசி மானாமதுரையோடு நின்றுவிட்டது. கண்டக்டரிடம் சொன்னதற்கு, "இனிமே கடக்காத்து வரும், ஜன்னலத் தெறந்துக்கங்க" என்றார். அது திறக்கிற ஜன்னல் இல்லை. ராமநாதபுரத்தில் இறங்கியபோது என் முகத்தைப் பார்த்த முருகேசன், வணக்கம் கூடச் சொல்லாமல் நேராக டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

டீ உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு இது கொஞ்சம் அதிகம். கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தண்ணி அப்பிடித்தான் மேடம். நாலு நாளு குடிச்சுப் பாருங்க, பெறகு ஒங்க ஊரு டீ சப்புன்னு இருக்கும்" என்றார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஊர் திரும்பி முதல் டீயைக் குடித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

கூட்டம் ஒரு ஹோட்டல் மாடியில். மிளகாய் கமிஷன் மண்டிக்காரர்கள், ராமேஸ்வரத்து லாட்ஜ் முதலாளிகள், ஹார்டுவேர் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் படம் போட்டு விளக்கினேன். முதலாவது, தானாகவே வாடிக்கையாளரின் செல்போனுக்குப் பெயர் போட்டுச் செய்தி அனுப்பும் வசதி. சில இடங்களில் ஏற்கெனவே சோதனைக்குக் கொடுத்திருந்தோம். இரண்டாவது, எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்ப்பது. மூன்றாவது நான் மிகவும் பெருமையாக வைத்திருந்தது. மென்பொருளே வாடிக்கையாளருக்குப் போன் செய்து, அவர் பெயரைச் சொல்லி அழைத்து, தமிழில் பேசும். கோயம்புத்தூரில் இதைக் காட்டியபோது கைதட்டினார்கள்.

இங்கே ஒரு மிளகாய் வியாபாரி எழுந்தார். "மேடம், நீங்க புதுசா என்ன வேணாலும் போடுங்க. இருக்குற பட்டன மட்டும் எடம் மாத்தாதீக. போன தடவ மாத்துனீக, எம் பொஞ்சாதி ஒரு வாரம் மண்டிப் பக்கமே வரல."

அடுத்து லாட்ஜ்காரர் ஒருவர். "அமாவாசை வந்தா ரூம் வாடகைய அதுவாவே ஏத்திக்கிறணும். அப்பிடி ஒண்ணு போடுங்க."

"அதுவே ஏற்றினால் வருகிறவர்கள் உங்களைத்தானே திட்டுவார்கள்" என்றேன்.

"அதுக்குத்தான கேக்குறேன். கம்ப்யூட்டரு ஏத்திருச்சுன்னு சொல்லலாம்ல."

எங்கள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒன்று தோன்றாது. குறித்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. முருகேசன் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் பரோட்டாக் கடையில் சால்னாவை ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அது ஜெசிந்தாவின் நாற்காலி. தங்கச்சிமடத்தில் கணவரோடு ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். செய்தி அனுப்பும் வசதியைச் சோதனைக்கு வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

"அவங்களுக்கு என்ன கோபம்?" என்றேன்.

"கோபமெல்லாம் இல்ல மேடம். யாவாரமே போயிருச்சு."

தங்கச்சிமடத்தில் அந்தோணிகள் நிறையப் பேர். எல்லாரும் புனிதர் பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஜெசிந்தாவின் வாடிக்கையாளர்களிலேயே ஒரு கூட்டம் அந்தோணிகள், அதற்குக் குறையாத சேவியர்கள். எந்த அந்தோணிக்கு எவ்வளவு ஐஸ் போனது என்று கம்ப்யூட்டரில் குழப்பம் வர, எப்படிப் பிரித்து எழுதுவது என்று முருகேசனிடம் கேட்டிருக்கிறார்.

"ஊருல எப்பிடிக் கூப்புடுவாகளோ அப்பிடியே பேரோட சேத்து எழுதிருங்கன்னு சொல்லிட்டேன். எங்கூரு உத்தரகோசமங்கைப் பக்கம். எங்க குடும்பத்துக்குப் பட்டப்பேரு பனமட்டை. கல்யாணப் பத்திரிகையிலயே பனமட்ட முருகேசன்னுதான் அடிச்சோம். பட்டப்பேருன்னா அது வீட்டுப்பேரு மாதிரி, அதுல என்ன இருக்குன்னு நெனச்சிட்டேன் மேடம்."

கடற்கரையில் அது அப்படி இல்லை. அங்கே பட்டப்பெயர் ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஆள் வந்து நின்றால் ஒருவர் வாயிலிருந்தும் வராது.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஐஸ் தயார் என்று எல்லாருக்கும் சொல்ல ஜெசிந்தா ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். எங்கள் மென்பொருள் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தது. அந்தக் கரையின் பெரிய விசைப்படகு முதலாளிக்குப் போன செய்தியை முருகேசன் தன் போனில் காட்டினார்.

'வணக்கம் திரு. வாந்தி அந்தோணி அவர்களே. தடைக்காலம் முடிகிறது. எங்கள் ஐஸ் தயார். தங்களின் மேலான ஆதரவுக்கு நன்றி.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருகேசன் சிரிக்கவில்லை. அந்தோணி ஜெசிந்தாவின் அக்காள் கணவர். இளவயதில் அப்பாவோடு கடலுக்குப் போனபோதெல்லாம் வாந்தி எடுத்தவர். பிறகு கடல்பக்கமே போகாமல் கரையில் இருந்தபடி படகு வாங்கி, தொழில் நடத்தி, பெரிய ஆளானவர். செய்தி வந்த அன்று வீட்டில் விருந்தாளிகள் கூடியிருந்தார்கள். கண்ணாடி எடுக்கச் சோம்பல்பட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பேத்தியிடம் போனைக் கொடுத்திருக்கிறார். அவள் சத்தமாகப் படித்திருக்கிறாள்.

அவர் ஐஸை வேறு கம்பெனியில் சொல்லிவிட்டார். அவர் போன பிறகு மற்ற படகுக்காரர்களும் போய்விட்டார்கள். ஜெசிந்தாவின் ஐஸ் அறை நிறைந்து கிடக்கிறது. கடலுக்குப் படகு போக இன்னும் மூன்றே நாள்.

நாளைக்கே அங்கே போகலாம் என்றேன்.

மறுநாள் காலை முருகேசனின் காரில் புறப்பட்டோம். பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டிகள் அசையாமல் நின்றன. சுற்றுலா வந்தவர்கள் காரை ஓரம்கட்டி ரயில் பாலத்தைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைக்குழந்தையைத் தடுப்புச் சுவரில் உட்கார வைத்திருந்தார். முருகேசன் கண்ணாடியை இறக்கி ஒரு பாட்டம் திட்டினார்.

"ஏலே, ஆம்புலன்ஸ் வந்தா எப்பிடிப் போகும்? நான் இந்தப் பாலத்துல வண்டி ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தடவ நிப்பாட்டுனதில்ல மேடம். எம் மக அழுதா, அப்பயும் நிப்பாட்டல."

எனக்கும் கொஞ்சம் இறங்கிப் பார்க்க ஆசைதான். வாயைத் திறக்கவில்லை.

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுத் தோட்டங்களைத் தாண்டி ஐஸ் கம்பெனி. உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடித்தது. அந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். தண்ணீர் ஊற்றிய இரும்புப் பெட்டிகள் தரைக்குக் கீழே வரிசையாக உறைந்துகொண்டிருக்க, உறைந்தவை பெரிய பெரிய பார்களாக அறைக்குள் அடுக்கியிருந்தன. எங்கள் ஊர் மீன்கடையில் இங்கிருந்து வரும் மீனைத்தான் வாங்குகிறேன். அதன் அடியில் கிடக்கும் ஐஸைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

ஜெசிந்தா ஐம்பதைத் தாண்டியவர். நைட்டிமேல் துண்டு, கையில் டார்ச்சு. "நீங்கதான் அத எழுதுன மேடமா?" என்றார்.

"ஆமாங்க. மன்னிச்சுக்குங்க."

"உக்காருங்க. சாப்புட்டுப் பேசுவோம். வயித்துல ஒண்ணுமில்லாம திட்டு வாங்கக் கூடாது."

நகரை மீன் குழம்பு. தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்தது. புளி குறைவு, தேங்காய் அதிகம், மீன் விரலில் பட்டால் பிரிந்தது. கோயம்புத்தூரில் மீன்குழம்பு என்று இத்தனை வருடம் எதைச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சொன்னபடி திட்டினார். நியாயமான திட்டு. கேட்டுக்கொண்டேன்.

"படகு நம்பரைப் போட்டுப் பிரித்திருக்கலாமே" என்று கடைசியில் கேட்டேன்.

"படக வித்தா நம்பரு போயிரும். ஆளு போயிருவாரா? எனக்கு ஐஸ் குடுக்குறப்ப ஆளுதான ஞாபகம் வருது."

"நீங்கள் நேரில் போய் ஒரு மன்னிப்பு கேட்டால் தீராதா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சொல்லிக் கேக்க? எதுக்கு மன்னிப்புன்னு சொல்றதுக்கு அந்தப் பேர இன்னொரு தடவ வாயில எடுக்கணும்ல. மச்சான் மொகத்துக்கு நேரா எடுக்கச் சொல்றீகளா?"

அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு ஒரு வாரமாகப் பேசவில்லை. வருடாவருடம் தடைக்காலம் முடிந்ததும் ஜெசிந்தாவின் முதல் ஐஸ் பார் அந்தோணியின் படகுக்குத்தான் போகுமாம். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து படகை மந்திரித்த பிறகு, அந்த ஐஸ் இறங்கியதும்தான் மற்றவர்கள் ஏற்றுவார்கள். அதைச் சொல்லும்போது ஜெசிந்தா முந்தானை மாதிரி அந்தத் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாளின் தொழிலைக் கெடுத்தது நான் போட்ட திட்டம் என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

மாலையில் அந்தோணியைப் பார்க்க நான் போனேன். எனக்கு அந்தப் பேரை எடுக்காமல் மன்னிப்பு கேட்கத் தெரியும் என்று ஒரு தைரியம். முருகேசன் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு எதிரே கடற்கரையில் பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தோணி உட்கார்ந்திருந்தார். அவருடைய படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். அதிலும் உப்பு. மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். தவறு எங்கள் கம்பெனியுடையது, திட்டம் போட்டது நான், ஜெசிந்தா ஒரு பட்டனை அழுத்தியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பொறுமையாகக் கேட்டார். "எங்க அய்யா பேரச் சொன்னா பாம்பன் வரைக்கும் தெரியும். அவருக்குப் பொறந்த எனக்குக் கடல் ஒத்துக்கல. என்ன செய்ய? அந்தப் பேரு எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறீகளா? மீச மொளைக்கிறப்ப இருந்து தெரியும். நான் வந்தா பேச்ச நிறுத்திருவாக. அந்த நிறுத்துறதுதான் அவுக எனக்குக் குடுத்த மரியாத. ஒங்க கம்ப்யூட்டருக்கு நிறுத்தத் தெரியல."

"அது தெரியாமல் நடந்தது" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல. எம் பேரு எழுதுற எடத்துல அத எழுதிருக்கா." கடலைப் பார்த்தார். "டீ ஆறுது, குடிங்க."

கிளம்பும்போது அவர் மனைவி கொஞ்ச தூரம் கூடவே வந்தார். குரலைத் தாழ்த்தி, "என் தங்கச்சிக்கும் இந்தக் கரையில ஒரு பேரு உண்டும்மா. அவளுக்குத்தான் தெரியாது" என்றார். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் எனக்குக் கொஞ்சம் பழக்கம் வந்திருந்தது.

அடுத்த நாள் முழுவதும் ஜெசிந்தாவின் அலுவலக அறையில் உட்கார்ந்து கோயம்புத்தூரோடு மல்லுக்கட்டினேன். அறை என்றால் ஐஸ் உடைக்கும் மிஷினுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் ஒரு மேஜை. நான் கேட்டது சின்ன விஷயம். பெயர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். அதில் எழுதுவது பில் போடுகிறவர் திரையில் மட்டும் தெரிய வேண்டும். பில்லில் வரக்கூடாது, செய்தியில் போகக்கூடாது, திரையை யாராவது எட்டிப் பார்த்தால் மறைக்க ஒரு பட்டன் வேண்டும்.

எங்கள் முதலாளி போனில் கேட்டார். "இந்த வசதிய எத்தன பேருங்க கேட்டிருக்காங்க?"

"ஒருத்தரும் கேக்கலீங்க. இத யாரும் வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாங்க."

"அடுத்த வருசத் திட்டத்துல சேத்துக்கலாமுங்களே."

"நாளைக்குப் போட்டு கடலுக்குப் போகுதுங்க" என்றேன். எந்தப் போட்டு, எந்தக் கடல் என்று அவருக்கு விளங்கியிருக்காது. என் குரல் விளங்கியிருக்க வேண்டும். மாலைக்குள் செய்து அனுப்பினார்கள்.

ஜெசிந்தா உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக மாற்றினார். வாந்தி அந்தோணி இருந்த கட்டத்தில் 'இன்னாசி மகன் அந்தோணி' என்று எழுதினார். பட்டப்பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் போடுவதா வேண்டாமா என்று விரலைத் தூக்கியபடி யோசித்தார். கடைசியில் போடவில்லை. "மச்சான் யாருன்னு எனக்கு எழுதி வச்சாத்தான் தெரியுமா?" என்றார். மற்றவர்களுக்கெல்லாம் போட்டார்.

அன்று லாட்ஜுக்குத் திரும்பியதும் என் திட்டத்தைத் திறந்தேன். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் வசதியை மூன்றாவது இடத்திலிருந்து எடுத்து, அந்த நீண்ட பட்டியலின் கடைசியில் போட்டேன். அந்தோணிக்கு அது போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஐஸ் ஏற்றும் நாள் வந்தது. காலையில் சாமியார் படகுகளை மந்திரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு குட்டியானை வண்டிகள் ஜெசிந்தாவின் கேட்டைத் தாண்டி வரிசையாகப் போயின. ஒன்றும் உள்ளே திரும்பவில்லை. எல்லாம் அடுத்த கம்பெனிக்கு. ஐஸ் தூக்க வந்த ஆட்கள் சாக்கை விரித்துக் குந்தியிருந்தார்கள். ஜெசிந்தாவின் கணவர் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்துகொடுத்த புதுக் கட்டம் திரையில் அழகாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. ஜெசிந்தா மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "பாதி அறைய அணைச்சிருவோம். கரண்டாச்சும் மிஞ்சும்" என்று கணவரிடம் சொன்னார்.

அப்போது அவர் போன் சத்தம் போட்டது. எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். முகம் மாறியது. என்னிடம் நீட்டினார்.

'வணக்கம் திருமதி. உருகல் ஜெசிந்தா அவர்களே. தடைக்காலம் முடிகிறது. எங்கள் படகு தயார். தங்களின் மேலான ஆதரவுக்கு நன்றி.'

நம்பர் அந்தோணியுடையது. எழுத்துக்கூட்டித் தட்டியது யார் என்று ஊகிக்க முடிந்தது. சொல்லிக் கொடுத்தது யார் என்றும்.

ஜெசிந்தா கணவரைப் பார்த்தார். "என்னையவா இப்பிடிச் சொல்லுறாக? எங்க ஐஸு கரைக்குப் போறதுக்குள்ள உருகுதாமா?"

கணவர் கம்ப்ரசரைப் பார்த்தார். ஜெசிந்தா ஐஸ் தூக்குகிற ஆட்களைக் கேட்டார். ஒருவர் சாக்கை மடித்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"எத்தன வருசமா?"

"நம்ம கல்யாணத்துக்குப் பெறகு வந்த ரெண்டாவது வெயில்ல இருந்து" என்றார் கணவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜெசிந்தா போனை மறுபடி வாங்கிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, "கேட்டத் தெறங்க, வண்டி வருது" என்றார்.

வண்டி வந்தது. ஓட்டியவர் அந்தோணியின் மருமகன், பின்னால் ஸ்கூட்டரில் அதே வெள்ளைச் சட்டையில் அந்தோணி. இறங்கி வந்து ஐஸ் அறை வாசலில் நின்றார்.

"வாங்க மச்சான்" என்றார் ஜெசிந்தா.

"ம். ஐஸு கட்டியா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு. அடிச்சுப் பாருங்க."

அவர் விரல் முட்டியால் ஒரு பாரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். முதல் பார் சறுக்கிக்கொண்டு மிஷினுக்குள் போய் நொறுங்கி வண்டியில் விழுந்தது. ஜெசிந்தா பில் போட்டுக் கொடுத்தார். அந்தோணி அதைக் கைநீளத்தில் பிடித்து, பெயர் இருக்கும் வரியை மட்டும் படித்தார். அவர் அப்பா பெயர் முதலில் இருந்தது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தெருவில் குட்டியானைகள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா எனக்குப் போய்வாருங்கள் என்று சொல்லக்கூட நேரமில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்.

முருகேசன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். புதுக் கட்டத்தைப் பற்றி மண்டபத்திலும் தொண்டியிலும் இருக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கெல்லாம் சொல்லப்போவதாகச் சொன்னார். பாம்பன் வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"முருகேசன், எங்கள் மென்பொருளை விற்கும் உங்களை மாதிரி ஆட்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருக்கிறீர்களா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கார் பாலத்தில் ஏறியது.

"மேடம், வண்டிய ஓரமா நிப்பாட்டவா? எறங்கி நின்னு கடலப் பாருங்களேன்" என்றார்.